பாம்பை விட்டு எலியைப் பிடித்தவன்

வா சாமி, உக்காரு. திண்ணை ஓரம் வேண்டாம், எறும்பு ஊருது. லாப்டாப்பை இப்படித் திருப்பு. மூடி மேல ஒட்டியிருக்கற அந்த எலியை நான் இன்னும் சரியாப் பாக்கல.

மஞ்சக்காட்டுல எலி வளையைக் கண்டா மம்முட்டியோட ஓடற வம்சம் நம்மது. அதுல பொறந்த பேரன் நீ, நீல நெறத்துல கண்ணை உருட்டிட்டு நிக்கற ஒரு எலியை ஒட்டி வெச்சுட்டு, "அப்புச்சி, இதுதான் நான் புதுசாக் கத்துக்கற மொழி"ங்கறே. போன வருசம் வரைக்கும் பைத்தான் பைத்தான்னு பாம்புப் பேரைச் சொல்லிட்டுத் திரிஞ்சே. இப்பக் கோ. பாம்பை உட்டுட்டு எலியைப் புடிச்ச ஆளை இந்த ஜில்லாவுல உன்னைத்தான் பாக்கறேன். போச்சாது, சம்பளம் அவங்க குடுக்கறாங்க.

எனக்கென்ன தெரியும்? எட்டாவதோட நின்னவன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில 32 வருசம் கணக்கெழுதினவன், அவ்வளவுதான். ஆனா ஒரு வாரமா நீ இந்தத் திண்ணையில உக்காந்து "யூனிட் டெஸ்ட், யூனிட் டெஸ்ட்"னு பொலம்பறதை, வெத்தலை இடிச்சுட்டே கேட்டுட்டு இருக்கறேன். காது நல்லாத்தான் கேக்குது. உன்ற அம்மிச்சிகிட்ட மட்டும் செவிடு.

வேலை என்னன்னு நான் சொல்றேன், சரியான்னு பாரு. மண்டிக்காரங்களுக்கு ரசீது போடற புரோகிராம் ஒண்ணு பைத்தான்ல ஓடிட்டு இருக்குது. அதைக் கோ மொழிக்கு மாத்தணும். மாத்தினது ஒழுங்கா ஓடுதான்னு டெஸ்ட்டும் நீயே எழுதணும். இவ்வளவுதானே? இதுல பாதி வேலையை நான் பேனாவுல பண்ணினவன் கண்ணு.

மண்டியில ஒரு லோடு மஞ்சள் வந்து எறங்கினா, யாரும் மூட்டை மூட்டையாக் கொட்டிக் கெழங்கு கெழங்காப் பாக்கறதில்ல. கையை அடி வரைக்கும் உட்டு ஒரு விரலியை எடுத்து ஒடிப்போம். படக்குனு ஒடிஞ்சா காஞ்சிருக்குது, வளைஞ்சா ஈரம். ஒடிஞ்ச எடத்துல நெறம் பாக்கணும். ஒரு விரலி, ஒரு கேள்வி, ஒரு பதில். அந்த ஒடிக்கற வேலையைத்தான் நீங்க யூனிட் டெஸ்ட்டுங்கறீங்க. மூட்டைக்கு மேலாக்கக் கெடக்கற நல்ல விரலியை எடுத்து ஒடிக்கறவனும் உண்டு. அவனுக்கு மண்டியில பேரு வித்தவனோட மச்சான்.

நீ திங்கக்கெழமை எழுதின டெஸ்ட்டைப் பாத்தா, எனக்கு அந்த மச்சான் ஞாபகந்தான் வந்துது. 10 குவிண்டால், குவிண்டால் 10,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். சரி. இந்தக் கணக்கைச் சந்தைக்குப் போற ஆடு கூடச் சொல்லும்.

அதுவும் அன்னைக்கு ஓடவே இல்லை. அதை யாருகிட்டயும் சொல்லலதானே? நானும் சொல்லல. "அப்புச்சி, ஒரு எரர்கூட வரல!"ன்னு வாசல் வரைக்கும் ஓடி வந்தே. எட்டிப் பாத்தா ஃபைல் பேரு "பில் அண்டர்ஸ்கோர் டெஸ்ட்ஸ்". கடைசியில ஒரு "ஸ்" கூடிப் போச்சு. கோ-வுக்கு "அண்டர்ஸ்கோர் டெஸ்ட்"னு முடியற ஃபைல்தான் டெஸ்ட் ஃபைல். மத்ததெல்லாம் சாதாக் கோடு. அதனால அது கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை, "நோ டெஸ்ட் ஃபைல்ஸ்"னு ஒரு வரி மொணமொணத்துட்டு அமைதியாயிருச்சு. வேலைக்கே வராத ஆளு மேல புகாரே இல்லைன்னு மெச்சிக்கிட்ட மொதலாளி நீதான்.

ஃபங்ஷன் பேருக்கும் அதே சட்டம். "டெஸ்ட்"னு ஆரம்பிக்கணும், டி பெரிய எழுத்து. அதுக்கு அடுத்த எழுத்து சின்ன எழுத்தா இருக்கப்படாது. பைத்தான்ல சின்ன எழுத்தாவே எழுதிப் பழகின கை, எங்க போகும்? செக்குமாடு சந்தைக்குப் போனாலும் வட்டந்தான் சுத்தும்.

அப்பறம் அந்த அசர்ட் கதை. பைத்தான்ல "அசர்ட்"னு ஒரு சொல்லைப் போட்டு, இது இதுக்குச் சமம்னு எழுதிட்டு நிம்மதியாப் போயிருவே. இங்க தேடினே, கெடைக்கல. "இதென்ன மொழி, அசர்ட் கூட இல்லை"ன்னு எலியைத் திட்டினே. அரை மணி நேரத்துல டெஸ்டிஃபைன்னு ஒரு வெளியாள் பொட்டியை எறக்கி, அதுல இருந்து அசர்ட்டை எடுத்து வெச்சுட்டே. பொறந்த வீட்டு அம்மிக்கல்லைத் தலையில தூக்கிட்டு வந்த மருமக மாதிரி. அந்த அம்மி கெட்டதுன்னு சொல்லல, நெறையப் பேரு அதுலதான் அரைக்கறாங்க. ஆனா வந்த வீட்டு அடுப்பைப் பத்த வெக்கறதுக்கு முன்னாலயே அம்மியைத் தேடினா மாமியா என்ன நெனைப்பா?

அசர்ட்டைத் தெரிஞ்சேதான் வெக்கலைன்னு, அந்த மொழியைப் பண்ணினவங்களே காரணம் எழுதி வெச்சிருக்காங்கன்னு நீதானே படிச்சுச் சொன்னே? அசர்ட் கையில இருந்தா, தப்பு வந்தா என்ன சொல்லணும்னு யோசிக்கறதையே ஆளுங்க உட்டுருவாங்களாம். அவங்க பயந்தது வீண் போகல. நீ எழுதின மொத எரர் செய்தி என்ன? "தப்பு." அவ்வளவுதான். பத்து மாடு இருக்கற வீட்டுக்கு "மாடு செத்துருச்சு"ன்னு மட்டும் தந்தி அடிச்ச மாதிரி. எந்த மாடு? காராம்பசுவா, கெடேரியா? என்ன குடுத்தேன், என்ன வந்துது, என்ன வந்திருக்கணும். இந்த மூணையும் எழுது. அந்த ஊரு வழக்கப்படி வந்ததை "காட்"டுன்னு மொதல்ல சொல்லி, வரவேண்டியதை "வான்ட்"டுன்னு பின்னால சொல்லு. ராத்திரி ரெண்டு மணிக்கு டெஸ்ட் விழுந்தா, தூக்கக் கலக்கத்துல படிக்கறவன் கோடைத் தெறக்காமயே தெரிஞ்சுக்கணும். படிக்கப் போறவனும் நீதான்.

ஒண்ணு விழுந்தா அடுத்ததைப் பாக்கறதா, நிறுத்தறதான்னு கேட்டியே. எரர்எஃப் போட்டா குறிச்சுட்டு மேல போகும். ஃபேட்டல்எஃப் போட்டா அந்த டெஸ்ட் அங்கயே நிக்கும். நெறம் கம்மியா இருக்கற மஞ்சளைக் குறிச்சுட்டு அடுத்த மூட்டைக்குப் போவோம். லாரியே வரலைன்னா எதை ஒடிக்கறது? ஃபைலைத் தெறக்க முடியலைன்னா ஃபேட்டல். கணக்கு ரெண்டு பைசா வித்தியாசம்னா எரர்.

1997-ல கென்ட் பெக், எரிக் காமான்னு ரெண்டு பேரு ஜூரிச்சுல இருந்து அட்லாண்டாவுக்கு விமானத்துல போறப்ப, ஜாவாவுக்கு ஜேயூனிட்னு டெஸ்ட் கருவியையே எழுதிட்டாங்கன்னு ஒரு வீடியோவைச் சத்தமாப் போட்டுக் கேட்டியே. பைத்தானோட வர்ற யூனிட்டெஸ்ட்டும் அந்த வம்சந்தானாமே. அவங்க ஒரு பயணத்துல கருவி செஞ்சாங்க. நீ கோயமுத்தூர் பஸ்ல போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி, சன்னல் சீட்டுல வாயைப் பொளந்துட்டுத் தூங்கறே. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதே. வெத்தலை போடறயா?

இப்பப் பழனிச்சாமி கதைக்கு வருவோம். அதை நெனைச்சு நான் ரெண்டு நாளாத் தனியாச் சிரிச்சுட்டு இருக்கறேன். உன்ற அம்மிச்சி, கெழவனுக்குப் புத்தி பெரண்டுருச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துல சொல்லிட்டு வந்துட்டா.

ரசீதுல பேருக்கு 10 எழுத்துதான் எடம். அதனால பைத்தான்ல, பேருக்குப் பின்னால சதுர அடைப்புப் போட்டு, உள்ள முக்காப்புள்ளி வெச்சு 10-ன்னு எழுதியிருந்தே. மொத 10-ஐ எடுத்துக்கோ, மிச்சத்தை வெட்டுன்னு அர்த்தம். கோ-வுலயும் அதே அடைப்பு, அதே முக்காப்புள்ளி, அதே 10. ஒரு புள்ளி மாத்த வேண்டியதில்லைன்னு சந்தோசமா அப்படியே எறக்கி வெச்சே. டெஸ்ட்டும் எழுதினே. இங்கிலீஷ் எழுத்துல பழனிசாமி. எண்ணிப் பாத்தேன், சரியா 10 எழுத்து. அளவெடுத்துத் தெச்ச சட்டை. பச்சை டிக் வந்துது, நீயும் டீக்கு எந்திரிச்சுட்டே.

நான் ஒண்ணும் தெரியாதவனாட்டம் கேட்டேன், ஞாபகம் இருக்குதா? "சாமி, ரசீதைக் காட்டுக்காரன் படிக்கணுமே, தமிழ்ல பேரு போடுமா?"ன்னேன். "எல்லாம் போடும் அப்புச்சி"ன்னு அதே டெஸ்ட்டுல இங்கிலீஷ் பேரை அழிச்சுட்டுத் தமிழ்ல பழனிச்சாமின்னு அடிச்சே. வந்துது பாரு: "பழன"ன்னு மூணு எழுத்து, அதுக்குப் பின்னால கறுப்புச் சதுரத்தைச் சாய்ச்சு வெச்ச மாதிரி ஒரு கட்டம், அதுக்குள்ள ஒரு கேள்விக்குறி. பாவம், அந்த மனுசன் பாதி கழுத்து அறுபட்டு நின்னான்.

உன்ற மூஞ்சி அப்பப் போன போக்கு இருக்குதே!

அப்பறம் நீயே உக்காந்து நோண்டினே. பைத்தான் எழுத்தை எண்ணுது, கோ பைட்டை எண்ணுது. இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட். தமிழ்ல ஒரு குறிக்கு மூணு பைட். பழனிச்சாமியில கொக்கி, காலு, புள்ளின்னு பிரிச்சா 10 குறி, 30 பைட். 10-வது பைட்டுல வெட்டினா, மூணு குறி முழுசா வந்து, நாலாவதா வர்ற கொக்கியில மூணுல ஒரு பங்குதான் வருது. அந்த மூணுல ஒரு பங்குக்குப் பேருதான் கேள்விக்குறிக் கட்டம்.

நான் மஞ்சள்னு அடிக்கச் சொன்னேன். பைத்தான் நீளம் 6-ங்குது, கோ 18-ங்குது. நான் வெரல் உட்டு எண்ணினா ம, ஞ், ச, ள். நாலு! மூணு பேரும் அவனவன் அளவுக்குச் சத்தியம் பண்றோம், மூணும் சரி. கிலோவுக்கு முந்தி படி, வள்ளம், மரக்கான்னு அளந்த காலத்துலயும் இப்படித்தான். பேரு ஒண்ணுதான் இருக்கும், ஊருக்கு ஊரு அளவு ஏறும் எறங்கும். வெளியூருக் கொள்முதலுக்குப் போனா, தராசுல கை வெக்கறதுக்கு முன்னால, "உங்க ஊரு படி எவ்வளவு புடிக்கும்?"னு கேட்டு, ஒரு படி அளந்து பாத்துட்டுத்தான் வெலையே பேசுவோம்.

பைத்தான் ரொம்ப யோக்கியம்னு நெனைச்சுக்காதே. 9-ல வெட்டியிருந்தா அது "பழனிச்சாம"ன்னு கொக்கியைப் புடுங்கி உட்டிருக்கும். இதுவரைக்கும் யாரும் 9 போடல, அதான் பொழைச்சுது.

கோ ஏன் பைட்டை எண்ணுதுன்னு கேட்டா, அதுக்கொரு கதை சொன்னே. கோ மொழியைப் பண்ணின மூணு பேருல கென் தாம்ப்சன், ராப் பைக்குன்னு ரெண்டு பேரு இருக்காங்களே, உலகத்து எழுத்தையெல்லாம் பைட்டா அடுக்கற யூடிஎஃப்-8 முறையைக் கண்டுபுடிச்சதும் அவங்கதானாம். 1992 செப்டம்பர்ல, நியூஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில, தட்டுக்கு அடியில விரிக்கற தாள்ல எழுதிப் பாத்தாங்களாம். 2009-ல கோ வெளிய வந்தப்ப அந்தப் பைட்டு அடுக்கையே வீட்டுக்கு அஸ்திவாரமா வெச்சுட்டாங்க. அவங்க வீட்டுல அவங்க படியிலதான் அளப்பாங்க. நீதான் வாசல்ல நின்னு கேட்டிருக்கணும்.

இந்தாப்பா, புது மொழியில டெஸ்ட் எழுதறது கோடைச் சோதிக்கறதுக்குன்னு நீ நெனைச்சுட்டு இருக்கறே. பாதிதான் அது. மிச்சப் பாதி, பழைய வீட்டுல இருந்து நீ உன்ற தலைக்குள்ள தூக்கிட்டு வந்ததைச் சோதிக்கறது. வேற மாதிரி எழுதற எடத்துல நீ சூதானமா இருப்பே. ஒரே மாதிரி இருக்கற எடத்துலதான் விழுவே. அந்த ஒரே மாதிரி எடத்துக்கெல்லாம் ஒரு டெஸ்ட் வை.

வகுத்தலையும் பாரு. அட்வான்ஸ் கூட வாங்கினவன் கணக்குல மைனஸ் 7 ரூபாய் நிக்குது, பங்காளி ரெண்டு பேருக்குப் பிரிக்கணும். பைத்தான்ல ரெண்டு கோடு போட்டு முழு எண்ணா வகுத்தா மைனஸ் 4. கோ-வுல முழு எண்ணை வகுத்தா மைனஸ் 3. ஒண்ணு கீழ எறங்கும், இன்னொண்ணு பூச்சியத்துப் பக்கமா வெட்டும். ஒரு ரூபாதானேங்காதே. ஒரு ரூபா வித்தியாசத்துக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேரேட்டைப் பொரட்டினவன் நான்.

பேரேடுன்னதும் ஞாபகம் வருது. உன்னைத் திட்டிட்டே இருக்கறேனே, அந்த மொழிக்காரங்ககிட்ட எனக்கு மெத்தப் புடிச்ச வழக்கம் ஒண்ணு இருக்குது. டெஸ்ட்டை அட்டவணையா எழுதறாங்களே, அதான். பேரு ஒரு கட்டம், குடுக்கறது ஒரு கட்டம், வரவேண்டியது ஒரு கட்டம். வரி வரியா அடுக்கி, கீழ ஒரே ஒரு சுத்து, ஒவ்வொரு வரியையும் எடுத்து ஓட்டிப் பாக்குது. அச்சுல என்ற பேரேடு! டி டாட் ரன்னுக்குள்ள வரியோட பேரைக் குடுத்துட்டா, எந்த வரி விழுந்துதுன்னு பேரு சொல்லியே கூப்பிடுது. புதுசா ஒரு சந்தேகம் வந்தா ஒரு வரி சேத்துனாப் போதும். நீ என்ன பண்ணினே? மொதல்ல ஏழு ஃபங்ஷன், ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி மாதிரி, எண்ணு மட்டும் வேற. கல்யாணப் பத்திரிகையை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா அச்சடிச்ச மாதிரி.

வரவேண்டியது கட்டத்துல என்ன எழுதறேங்கறதுதான் முக்கியம். நேத்து எட்டிப் பாத்தேன். எடையை வெலையால பெருக்கி, கழிவைக் கழிச்சுன்னு, கோடுல இருக்கற சூத்திரத்தையே அங்கயும் எழுதி வெச்சிருக்கறே. கோடு தப்பாப் போட்டா டெஸ்ட்டும் அதே தப்பைப் போடும், ரெண்டும் கையைக் கோத்துட்டு "சரிதான்"னு சொல்லும். கணக்கெழுதினவனே ஆடிட்டரா வந்த மாதிரி. அந்த ஏஐகிட்ட "இந்த ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதிக் குடு"ன்னு கேட்டப்ப, அது என்ன பண்ணுச்சு? கோடு என்ன சொல்லுதோ அதையே வரவேண்டியதுன்னு எழுதி, 14 டெஸ்ட்டை 14 செகண்டுல நீட்டிருச்சு. மச்சானுக்கே மச்சான் அது. அதுல ஒண்ணுலகூடத் தமிழ்ப் பேரு இல்லை. தாளு எடு, பென்சில் எடு, கையால கணக்குப் போடு, வந்த எண்ணை மட்டும் அந்தக் கட்டத்துல எழுது. ஏஐ அடுக்கிக் குடுக்கட்டும், வேண்டாங்கல. எண்ணு உன்ற கையில இருந்து வரட்டும்.

நான் மண்டிக்குச் சேந்த புதுசுல ஒண்ணு நடந்துது. சரக்குப் பாக்கறதுக்கும் என்னைத்தான் உட்டாங்க. மொத வாரம் 40 மூட்டை பாத்தேன், அத்தனையும் நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தேன். மொதலாளி ஒண்ணும் சொல்லல. மறுநாள் இன்னும் பத்து மூட்டை பாக்கச் சொன்னாரு. பாத்து, நல்லாருக்குதுன்னேன். நேரா ஏழாவது மூட்டைக்குப் போனாரு, கையை உட்டாரு, அடியில இருந்து புழு அரிச்ச விரலி ஒரு கைப்பிடி அள்ளி என்ற முன்னால போட்டாரு. காலைல அவரே ஒளிச்சு வெச்சது. "உன்ற கண்ணு நல்ல மஞ்சளைப் பாக்குமான்னு எனக்குச் சந்தேகமே இல்லைடா, கெட்டதைப் பாக்குமான்னுதான் பாத்தேன்"னாரு. அந்த 40 மூட்டையையும் மறுபடி பாத்தேன். சோறு எறங்கல அன்னைக்கு.

நீயும் அதைப் பண்ணு. டெஸ்ட் பச்சையா வந்துதா? சரி, கோடுக்குள்ள போயி கூட்டலைக் கழித்தலா மாத்து. 10-ஐ 11 ஆக்கு. இப்ப ஓட்டு. செவப்பு வரணும். வரலைன்னா அந்த டெஸ்ட் சோளக்காட்டு பொம்மை, காக்கா அதும்மேலயே உக்காந்து சோளம் திங்கும். கவரேஜ் நூறு சதவீதம்னு மார்தட்டினியே, "மைனஸ் கவர்" போட்டு. அது, அந்த வரி வழியா நடந்தேன்னு மட்டுந்தான் சொல்லும். களையெடுக்க வந்த ஆளு பாத்திப் பாத்தியா நடந்துட்டு, ஒரு புல்லைக்கூடப் புடுங்காம சாயங்காலம் கூலி கேட்டா குடுப்பியா?

பொழுதாச்சு, மிச்சத்தைச் சட்டுனு சொல்லிடறேன். காலைல பச்சை, மத்தியானம் செவப்பு, நீ ஒண்ணுமே தொடலைங்கறியே, அந்த டெஸ்ட். மேப்பைச் சுத்தி வர்றப்ப வரிசை மாறுது. பைத்தான்ல 3.7-ல இருந்து, வெச்ச வரிசையிலதான் எடுத்துக் குடுக்கும். கோ அதை வேணும்னே கலைச்சுக் குடுக்கும், யாரும் வரிசையை நம்பிடக் கூடாதுன்னு. அச்சடிச்சுப் பாத்தா மட்டும் அகர வரிசையில அடுக்கி, நல்ல புள்ளையாட்டம் காட்டும். அங்கதான் நீ ஏமாந்தே. சாவிகளை அடுக்கிட்டு ஒப்பிடு. இல்லை, மேப்பை மேப்பாவே ஒப்பிடு.

"கேஷ்டு"ன்னு பக்கத்துல வந்தா, அது இப்ப ஓடினதில்லை, முந்தி ஓடின முடிவு. கோ அதை ஒளிக்காமச் சொல்லிடுது. நீதான் படிக்கறதில்ல. ஐயமா இருந்தா "மைனஸ் கவுண்ட் ஈக்வல் 1" போட்டு ஓட்டு.

அப்பறம் அட்டவணைச் சுத்துக்குள்ள "டிடி-யே டிடி"ன்னு ஒரு வரி போட்டிருக்கறே. ஏன்னு கேட்டா எல்லாரும் போடறாங்கங்கறே. திதி குடுக்கறப்ப அப்பன் தொல்லை பண்ணின பூனையைக் கூடை போட்டுக் கவுத்தான்னு, மகனும் காரணம் தெரியாமயே கவுத்த கதைதான். அங்க மெய்யாவே ஒரு பூனை இருந்துது. அதைப் போடாம டெஸ்ட்டை ஒட்டுக்கா பேரலலா ஓட்டினா, எல்லா வரியும் கடைசி வரியையே பாத்துட்டு "சரி"ன்னு சொல்லிரும். பத்து மூட்டைக்கும் கடைசி மூட்டையையே பத்துத் தடவை ஒடிச்ச மாதிரி. 2024 பிப்ரவரியில வந்த 1.22-ல அந்தப் பூனை செத்துருச்சு. ஆனா உன்ற கோ டாட் மாட் ஃபைல்ல 1.22-ஓ, அதுக்கு மேலயோ எழுதியிருந்தாத்தான். போயி என்ன எழுதியிருக்குதுன்னு பாத்துட்டு, அப்பறம் கூடையைத் தூக்கிப் போடு.

சரி, எந்திரிக்கறேன். விடியக்காலம் வாய்க்காத் தண்ணி மாத்தி உடணும். போறதுக்கு முன்னால ஒண்ணு. பழனிச்சாமிக்கு என்ன வைத்தியம் பண்ணினே? காட்டு. ஓஹோ! ஒரு குறிக்கு மூணு பைட்டு, அதனால 10-ஐ அழிச்சுட்டு 30. பழனிச்சாமி முழுசா வந்துட்டான். பச்சை. கெட்டிக்காரன் சாமி நீ, உன்ற அம்மிச்சி வம்சம்.

அட்டவணையில ஒரு வரி சேரு. ஒரே ஒரு வரி. மேக்கால தோட்டத்துல புதுசா மஞ்சள் போட்டிருக்கறானே, அவனுக்கும் ரசீது வேணுமில்ல. பேரு மணி. தமிழ்ல அடி. ம, ணி. அவ்வளவுதான், சின்னப் பேரு. வரவேண்டியது கட்டத்துலயும் மணி. ஓட்டு.

என்ன சாமி, எரர்கூட இல்லை, பக்கம் பக்கமா என்னமோ கொட்டுது? "பேனிக்"காமா? 30 கேட்டியாம், அங்க 9-தான் இருக்குதாமா? பைத்தான்னா இருக்கறதைக் குடுத்துட்டுச் சும்மா இருந்திருக்கும், இல்லை? அடடா. இந்தப் பக்கம் பாரு, மிச்ச டெஸ்ட்டும் ஓடாம அப்படியே நின்னு போச்சு.

நீ பாரு கண்ணு. நான் போயிப் படுக்கறேன். நடுராத்திரியில "அப்புச்சி, மணி சரியாயிருச்சு"ன்னு எழுப்பிடாதே, விடிஞ்சுருச்சாக்கும்னு மம்முட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிருவேன்.